ஃபார்மல் டின்னர் டேட்டுக்கு என்ன போடணும்? கோட் வாங்குனதுல இருந்து டேபிள்ல உக்காந்தது வரைக்கும் என் அனுபவம்

ஃபார்மல் டின்னர் டேட்டுக்கு ஒரு ஆம்பள என்ன போடணும்னு எனக்கு தெரிய வேண்டி வந்தப்போ கேக்க ஆள் இல்ல. அப்பா, மாமா, சித்தப்பான்னு எங்க குடும்பத்துல யாரும் கோட் போட்டவங்க கிடையாது. கூட வேலை பாக்குறவங்க கிட்ட கேக்க கூச்சம். நெட்ல தேடுனா எல்லா ஃபோட்டோலயும் ஒரு மாடல் சுவத்துல சாஞ்சு நின்னுக்கிட்டு இருப்பாரு, இல்லைனா பாக்கெட்ல கைய விட்டுக்கிட்டு நடந்துக்கிட்டு இருப்பாரு, ஒருத்தர் கூட உக்காந்திருக்க மாட்டாரு. டின்னர் டேட்ல நீங்க நிக்கப்போறது உள்ள போறப்போ கொஞ்ச நேரம், கெளம்புறப்போ கொஞ்ச நேரம், அவ்வளவு தான். மிச்ச ரெண்டு மூணு மணி நேரமும் ஒருத்தருக்கு நேர் எதிர்ல சேர்ல உக்காந்திருப்பீங்க. அதனால போட்டிருக்குற துணி உக்காந்தா எப்படி இருக்கு, எப்படி படுத்துதுங்கிறத முதல்ல பாக்கணும். இதை எனக்கு முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா வீணா போன பணம் மிச்சமாயிருக்கும், அந்த வாரம் முழுக்க தூங்காம கெடந்திருக்கவும் மாட்டேன். அதான் இவ்வளவு விவரமா எழுதுறேன்.

டேபிள் புக் பண்ணது என் கூட டேட்டுக்கு வர்றவங்க. கன்ஃபர்மேஷன் மெசேஜை எனக்கு ஃபார்வர்ட் பண்ணாங்க, அதுல அடியில "டிரெஸ் கோட்: ஃபார்மல்" அப்படின்னு ஒரே ஒரு வரி. அதை படிச்சதும் எனக்கு வயித்துல ஒரு பயம் புடிச்சுது. ஃபார்மல்னா ஆபீஸுக்கு போடுற ஃபுல் ஹேண்ட் சட்டையா, கோட்டா, டையா, இல்ல கல்யாண ரிசப்ஷன்ல போடுற மாதிரி, கழுத்துல பட்டாம்பூச்சி மாதிரி கட்டுற போ டையா? தேட தேட ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொன்னாங்க. நான் கடைசியில புரிஞ்சுக்கிட்டது இது. வொயிட் டைன்னா பின்னாடி வால் வச்ச கருப்பு கோட், வெள்ளை போ டை, இதெல்லாம் அரசு விருந்து மாதிரி இடத்துக்கு தான், நமக்கு வரவே வராது. பிளாக் டைன்னா டின்னர் ஜாக்கெட், அதைத்தான் டக்ஸீடோன்னும் சொல்றாங்க, லேப்பல்ல, அதாவது கோட் முன்னாடி காலருக்கு கீழ மடிச்சு விட்ட பகுதியில, பளபளன்னு சாட்டின் இருக்கும், பேண்ட் பக்கவாட்டுல ஒரு சாட்டின் பட்டை ஓடும், கருப்பு போ டை. அதுக்கு அடுத்தது டார்க் கலர் சூட், சட்டை, நீள டை. பெரும்பாலான ரெஸ்டாரண்ட்ல ஃபார்மல்னு போட்டா இதைத்தான் எதிர்பார்க்குறாங்க. "ஜாக்கெட் கட்டாயம்"னு மட்டும் இருந்தா பிளேஸர், அதாவது வேற பேண்ட் மேல தனியா போடுற கோட், அதுவே போதும், டை உங்க இஷ்டம். இந்த டின்னர் ஜாக்கெட்டே ஆரம்பத்துல சௌகரியத்துக்காக வந்தது தானாம். பின்னாடி இங்கிலாந்து ராஜா ஏழாம் எட்வர்டா ஆன இளவரசர், வீட்ல சாப்பிடுறப்போ போட்டுக்க வால் இல்லாத குட்டை கோட் ஒண்ணு தச்சு குடுங்கன்னு 1865ல கேட்டு வாங்குனதா லண்டன்ல டெய்லர்களுக்கு பேர் போன சாவில் ரோ தெருவுல இருக்குற ஹென்றி பூல்ங்கிற தையல் கடையில சொல்றாங்க. ராஜ வம்சத்துலயே சாப்பிட உக்காந்தா வேற கோட் வேணும்னு யோசிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சப்போ எனக்கு ஒரு தெம்பு வந்துச்சு.

நீங்க செய்ய வேண்டிய முதல் வேலை ரெஸ்டாரண்டுக்கு ஃபோன் பண்றது. "டை கட்டாயமா, கோட் மட்டும் போதுமா, உள்ள வந்தப்புறம் கோட்டை கழட்டலாமா, லெதர் ஷூ தான் போடணுமா" இந்த நாலையும் நேரா கேட்டுடுங்க. நான் ரொம்ப தயங்கி தான் ஃபோன் பண்ணேன், எடுத்தவங்க தினமும் கேக்குற கேள்வி மாதிரி ரொம்ப சாதாரணமா பதில் சொன்னாங்க, டார்க் சூட் போதும் சார், டை போட்டா நல்லா இருக்கும்னாங்க. ரெண்டாவது, கூட வர்றவங்க கிட்டயே "நீங்க என்ன போடுறீங்க"ன்னு கேளுங்க. கலர் மேட்ச் பண்றதுக்கு இல்லைங்க, அது தேவையே இல்ல. அவங்க எந்த அளவுக்கு டிரெஸ் பண்ணிட்டு வர்றாங்கன்னு தெரிஞ்சா நீங்களும் அந்த அளவுக்கு போகலாம். அவங்க பட்டு மாதிரி ஒண்ணு கட்டிக்கிட்டு வந்து நீங்க சுருங்குன சட்டையில உக்காந்திருந்தா அவங்களுக்கு தான் சங்கடம், அப்படியே தலைகீழா இருந்தாலும் சங்கடம் தான். நான் கேட்டதும் அவங்க "நீளமா ஒரு டிரெஸ், ரொம்ப கிராண்ட் இல்ல, நீங்க கேட்டது நல்லதா போச்சு, நானும் குழம்பிக்கிட்டு தான் இருந்தேன்"னு சொன்னாங்க.

சூட் கலர்ல எனக்கு பெரிய குழப்பம் வரல, நேவி ப்ளூ எடுத்தேன், இப்பவும் அதைத்தான் சொல்லுவேன். நேவி இல்லைனா கரும்சாம்பல், இந்த ரெண்டும் எந்த தோல் நிறத்துக்கும் ஒத்து வரும், அடுத்தாப்புல இண்டர்வியூ, கல்யாணம், எங்க வேணும்னாலும் போட்டுக்கலாம். கடையில கருப்பை தான் முதல்ல எடுத்து காட்டுவாங்க. கருப்பு தப்பில்ல, ஆனா மஞ்ச வெளிச்சத்துல நல்ல துணியா இல்லைனா வெளிறிப்போன மாதிரி தெரியும், தூசி முடி எல்லாம் பளிச்சுன்னு தெரியும். துணியை பாக்குறப்போ பளபளப்பு இருக்குறத ஓரமா வைங்க, பாலியஸ்டர் அதிகமா இருந்தா அந்த மினுமினுப்பு வரும், காத்து போகாது, உக்காந்து அரை மணி நேரத்துல முதுகு நனைஞ்சிடும். கம்பளி நூல்னாலே குளிருக்குன்னு நம்ம ஆளுங்க நெனைக்கிறாங்க, மெல்லிசா நெய்த உல்லன் துணி பாலியஸ்டரை விட காத்தோட்டமா தான் இருக்கும், ராத்திரி ஹேங்கர்ல மாட்டி வச்சா சுருக்கமும் பாதிக்கு மேல தானா போயிடும். துணியை ஒரு கையில கசக்கி இறுக்கி புடிச்சுட்டு விடுங்க, உடனே விரிஞ்சா நல்லது, கசங்குன மாதிரியே நின்னா டேபிள்ல இருந்து எந்திரிக்கிறப்போ உங்க மடியும் அப்படித்தான் இருக்கும்.

பிரச்சனை ஆரம்பிச்சது ஆல்டரேஷன்ல. ரெடிமேட் சூட் யாருக்கும் அப்படியே பொருந்தாது, அது எனக்கும் தெரியும், அதனால கடையிலேயே இருக்குற ஆல்டரேஷன் ஆள்கிட்ட குடுத்தேன், கை கொஞ்சம் நீளம், இடுப்புல கொஞ்சம் லூஸ்னு சொன்னேன். அவர் என்னை கண்ணாடி முன்னாடி நேரா நிக்க வச்சு, சாக்பீஸ்ல கோடு போட்டு, ஊசி குத்தி, "ஸ்லிம்மா பண்ணிடுறேன் சார், சூப்பரா இருக்கும்"னாரு. டேட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி தான் கையில குடுத்தாங்க, அதுக்கே பல தடவ ஃபோன் பண்ண வேண்டியிருந்துச்சு. போட்டு கண்ணாடி முன்னாடி நின்னா நல்லா தான் இருந்துச்சு, கடைக்காரர் ஃபோட்டோ கூட எடுத்துக்கிட்டாரு. வீட்டுக்கு வந்து முழுசா போட்டுக்கிட்டு சாப்பாட்டு மேஜை சேர்ல உக்காந்தேன் பாருங்க, எனக்கு தலையே சுத்திடுச்சு. பட்டன் போட்ட இடத்துல இருந்து நாலா பக்கமும் துணி இழுத்து எக்ஸ் மாதிரி சுருக்கம். கோட் மேல ஏறி காலர் கழுத்தை விட்டு தனியா நின்னுச்சு. ஒரு ஸ்பூனை எடுக்குற மாதிரி கைய முன்னாடி நீட்டுனேன், மணிக்கட்டு தாண்டி வாட்ச், அதுக்கு மேல ஒரு சாண் சட்டை தெரியுது. கையில இருந்த பட்டனெல்லாம் ஓரத்துல போய் ஒட்டிக்கிட்டு நிக்குது.

மறுநாள் காலைல கடை தொறக்குறதுக்கு முன்னாடியே போய் நின்னேன். "நீங்க சொன்ன அளவு தானே சார் பண்ணோம்"னு ஒரே பதில். இடுப்பை பிரிச்சு விடுங்கன்னா, உள்ள இருந்த எக்ஸ்ட்ரா துணியை வெட்டியாச்சு, இனிமே முடியாதுங்குறாங்க. பணமும் தர முடியாது, ஆல்டர் பண்ண துணிக்கு எக்ஸ்சேஞ்சும் இல்ல. அந்த சூட் விலை என் ஒரு மாச வீட்டு வாடகைக்கு மேல. கடை படிக்கட்டுல உக்காந்துட்டேன், அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு, பணம் போனது ஒரு பக்கம், நாளைக்கு அவங்க முன்னாடி எப்படி போய் உக்காருவேன்னு நெனச்சது தான் பெருசா இருந்துச்சு. பேசாம காய்ச்சல்னு சொல்லிடலாமான்னு கூட மெசேஜ் டைப் பண்ணி வச்சிருந்தேன், அனுப்பல.

இந்த இடத்துல சொல்ல வேண்டியது நெறைய இருக்கு, பொறுமையா படிங்க. கோட் எடுக்குறப்போ தோள் சரியா இருக்கான்னு தான் முதல்ல பாக்கணும், தோள் தையல் உங்க தோள் எலும்பு முடியுற இடத்துல முடியணும், அங்க தப்பா இருந்தா திருத்துறது ரொம்ப கஷ்டமான வேலை, செலவும் ஜாஸ்தி, அந்த கோட்டை அப்படியே திருப்பி வச்சிடுங்க. இடுப்பு, கை நீளம், பேண்ட் நீளம் இதெல்லாம் திருத்திக்கலாம். கை நீளத்தை கைய தொங்கப்போட்டு அளந்தா சட்டை கஃப், அதாவது மணிக்கட்டு கிட்ட பட்டன் போடுற பட்டை, அரை இஞ்ச் வெளிய தெரிஞ்சா போதும், ஏன்னா முழங்கைய மடக்குனா கோட் கை எப்படியும் ஒரு இஞ்ச்சுக்கு மேல உள்ள ஏறும். கோட் கையில இருக்குற பட்டன் சும்மா ஒப்புக்கு தச்சதா, இல்ல நிஜமாவே ஓட்டை வெட்டி போட்டு கழட்டுற மாதிரி இருக்கான்னு பாருங்க. ஓட்டை வெட்டியிருந்தா கீழ இருந்து கையை குறைக்க கூடாது, பட்டன் ஓரத்துக்கு போயிடும், தோள் பக்கம் பிரிச்சு மேல இருந்து தான் குறைக்கணும், எல்லா டெய்லரும் அதை செய்ய மாட்டாங்க. எதை புடிக்க சொன்னாலும் "உள்ள இருக்குற துணியை வெட்டாதீங்க, மடிச்சே தைங்க"ன்னு வாயால சொல்லுங்க, முடிஞ்சா பில்லுலயே எழுதி வாங்குங்க. அளவு எடுக்குறப்போ ஒரு ஸ்டூலோ சேரோ கேட்டு வாங்கி உக்காந்து காட்டுங்க. கடைக்காரங்க ஒரு மாதிரி பாப்பாங்க, பாத்துட்டு போகட்டும்.

அன்னைக்கு மதியம் வாடகைக்கு சூட் குடுக்குற ஒரு இடத்துக்கு ஓடுனேன். டெபாசிட் ஒரு நல்ல தொகை, அதுக்கு மேல ஒரு நாள் வாடகை. என் அளவு 40ன்னு சொன்னேன், அவங்க கிட்ட இருந்ததெல்லாம் ஐரோப்பிய அளவு, 52ன்னு லேபிள் போட்ட ஒண்ணை எடுத்து குடுத்து எல்லாம் ஒண்ணு தான் சார்னாங்க. ஒண்ணு கிடையாதுங்க. பிரிட்டிஷ், அமெரிக்க அளவு 40ன்னா ஐரோப்பிய அளவு 50, பத்து கூட்டிக்கணும், 52ங்கிறது 42. வாங்கி போட்டா தோள் ரெண்டு பக்கமும் தொங்குது, லேப்பல்ல சாட்டின் வேற, உள் லைனிங்ல யாரோ அடிச்ச பழைய சென்ட் வாசனை. சாட்டின் லேப்பல் வச்ச கோட்டுக்கு நீள டை கட்டுனா ஒட்டவே ஒட்டாது, அதுக்குன்னு போ டை கட்டிக்கிட்டு போனா நான் அந்த ரெஸ்டாரண்ட்ல தனியா தெரிவேன். போடாமலே திருப்பிக் குடுத்தும் டெபாசிட்ல ஒரு பகுதியை புடிச்சுக்கிட்டாங்க. வாடகைக்கு எடுக்குறது நல்ல யோசனை தான், வேணாம்னு சொல்ல மாட்டேன், ஆனா ஒரு வாரம் முன்னாடியே நேர்ல போய் போட்டுப் பாருங்க, லைனிங்கை மோந்து பாருங்க, அக்குள் பக்கம் கறை இருக்கான்னு பாருங்க, திருப்பிக் குடுத்தா எவ்வளவு வரும்னு எழுத்துல வாங்குங்க.

அப்புறம் தான் ஒரு சின்ன டெய்லர் கடை கண்ணுல பட்டுச்சு. ஒரே ஒரு மெஷின், வயசான ஒருத்தர். பாழாப்போன நேவி சூட்டை காட்டுனேன். அவர் கண்ணாடி பக்கமே என்னை கூப்பிடல, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு "தம்பி, எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு இதுல உக்காருங்க, எதுத்தாப்புல தட்டு இருக்குன்னு நெனச்சு சாப்பிடுங்க"ன்னாரு. கைய நீட்ட சொன்னாரு, திரும்பி பக்கத்துல இருக்குறவங்க கிட்ட பேசுற மாதிரி பண்ண சொன்னாரு. ரெண்டு நிமிஷம் பாத்துட்டு, "எங்கயும் பட்டன் போட்டுக்கிட்டு யாராவது உக்காருவாங்களா, முதல்ல அதை கழட்டுங்க"ன்னு சொன்னப்போ தான் எனக்கு மூச்சே வந்துச்சு. ஒற்றை வரிசை பட்டன் கோட்னா உக்காருறப்போ எல்லா பட்டனையும் கழட்டிடணும், எந்திரிச்சா மேல் பட்டனை போட்டுக்கணும், ரெண்டு பட்டன் கோட்ல கீழ் பட்டனை நிக்கிறப்பவும் போடக்கூடாது, கோட்டே அப்படி நெனச்சு தான் வெட்டியிருக்காங்க. இரட்டை வரிசை பட்டன் வச்ச கோட் வேற கதை, அதை உக்காந்தாலும் போட்டே வைக்கிறது தான் வழக்கம், அதனால தான் டின்னருக்கு அது வேணாம்னு சொல்றேன்.

"ஐயா, நாளைக்கு சாயங்காலம் வேணும்"னு சொன்னேன். பாத்துக்கலாம் தம்பின்னாரு. கை மடிப்புக்குள்ள மிச்சம் இருந்த கொஞ்ச துணியை இறக்கி விட்டாரு, பட்டனை பிரிச்சு இடம் மாத்தி தச்சாரு, முன்னாடி பட்டனை அரை இஞ்ச் வெளிய தள்ளி வச்சாரு, அதுலயே அந்த எக்ஸ் சுருக்கம் பெரும்பாலும் போயிடுச்சு. பேண்ட்ல நடு பின் தையல்ல துணி வெட்டாம இருந்துச்சு, அதை பிரிச்சு ஒரு இஞ்ச் விட்டுக் குடுத்தாரு, நல்ல பேண்ட்ல பெரும்பாலும் அங்க விட்டு வச்சிருப்பாங்களாம். கோட் பின்னாடி கீழ வெண்ட்னு சொல்ற பிளவுல எக்ஸ் மாதிரி வெள்ளை நூல்ல ஒரு தையல் இருந்துச்சு, கடையில இருந்து வந்தப்பவே இருந்தது, அதை வெட்டி விட்டாரு. அது துணி மடங்காம இருக்க ஃபேக்டரியில போடுற தற்காலிக தையல், போடுறதுக்கு முன்னாடி வெட்டிடணும், இல்லைனா உக்காருறப்போ பின்னாடி விரியாது, கோட் மொத்தமும் மேல ஏறும். அதே மாதிரி கையில வெளிப்பக்கம் பிராண்ட் பேர் போட்டு ஒரு துணி லேபிள் இருந்தா அதையும் பிரிச்சிடுங்க. வெளிப் பாக்கெட் தச்சு மூடியிருந்தா அதை மட்டும் அப்படியே விடலாம்னாரு, பாக்கெட்ல எதையும் திணிக்காம இருந்தா கோட் தொங்காது. அவர் வாங்குன கூலி, முதல் கடை ஆல்டரேஷனுக்கு வாங்குனதை விட கம்மி. அந்த மனுஷனை நான் மறக்க மாட்டேன்.

சட்டைக்கு வருவோம். டேபிளுக்கு மேல தெரியுறது உங்க முகம், காலர், டை முடிச்சு, கஃப், கை விரல் இவ்வளவு தான், அதனால என் கருத்துல சூட்டை விட சட்டைக்கு நேரம் குடுக்கணும். வெள்ளை போடுங்க, இல்லைனா வெளிறிய நீலம். காலர் பட்டன் போட்டதும் ஒரு விரல் சுலபமா உள்ள போகணும், ரெண்டு விரலுக்கு மேல போனா லூஸ், டை கட்டுனா சுருக்கம் விழும். கழுத்தை திருப்பி, முழுங்கி பாருங்க, நெரிச்சா வேணாம், சாப்பிடப் போறீங்க. காலர் முனை கோட் லேப்பலுக்கு அடியில போய் உக்காரணும், தூக்கிக்கிட்டு நிக்கக் கூடாது, அதுக்கு காலருக்குள்ள சொருகுற பிளாஸ்டிக் பட்டை இருக்கான்னு பாத்து வாங்குங்க, துவைக்குறப்போ அதை எடுத்துடுங்க. வெள்ளை சட்டைக்கு உள்ள வெள்ளை பனியன் போட்டா அதோட ஓரம் பளிச்சுன்னு தெரியும், தோல் நிறத்துலயோ வெளிர் சாம்பல்லயோ போட்டா தெரியாது. சட்டை நீளமும் முக்கியம், குட்டையா இருந்தா உக்காந்து எந்திரிச்சதுமே பேண்ட்ல இருந்து வெளிய வந்துடும், அதுக்கப்புறம் பாத்ரூம் போய் போய் சொருகிக்கிட்டு இருக்கணும்.

டை கலர்ல தைரியம் காட்ட வேண்டிய நாள் இது கிடையாது, கரும் சிவப்பு, கரும் பச்சை, நேவி மாதிரி ஒரே நிறம், இல்ல ரொம்ப சின்ன புள்ளி. நின்னா முனை பெல்ட் பக்கிள் வரைக்கும் வரணும். ஃபோர் இன் ஹேண்ட்னு சொல்ற சாதாரண முடிச்சே போதும், வீடியோ பாத்து முந்தின வாரமே பழகிக்கோங்க, அன்னைக்கு கட்டி பாத்தா கை நடுங்கும், எனக்கு நடுங்குச்சு. டையோட அகலமும் லேப்பலோட அகலமும் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தா கண்ணுக்கு உறுத்தாது. டை கிளிப் போட்டா குனியிறப்போ டை தட்டுல விழாது, சட்டையோட மூணாவது நாலாவது பட்டனுக்கு நடுவுல போடணும், டையை மட்டும் புடிக்காம சட்டையையும் சேத்து புடிக்கணும்.

ஷூவுல நான் பட்ட பாடு தனி. புதுசா கருப்பு ஆக்ஸ்ஃபோர்ட் வாங்குனேன், காலைல போய் வாங்குனேன், சரியா இருந்துச்சு, ஆனா சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கும்ங்கிறத அந்த கடையில யாரும் வாயே தொறந்து சொல்லல. டேட் அன்னைக்கு வண்டியை விட்டு இறங்கி வாசல் வரைக்கும் நடந்ததுலயே குதிகால் தேஞ்சு எரிச்சல். பையில பேண்டேஜ் இருந்ததால தப்பிச்சேன், பாத்ரூம் போய் ஒட்டிக்கிட்டேன். ஷூ வாங்குறதா இருந்தா சாயங்காலம் போங்க, அன்னைக்கு போடப்போற சாக்ஸையே கொண்டு போங்க, வாங்குனதும் ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே தினம் கொஞ்ச நேரம் போட்டு நடங்க. லெதர் அடி வச்ச ஷூ புதுசுல மொழுமொழுன்னு இருக்கும், பளிங்கு தரையில வழுக்கும், உப்புத்தாள்ல அடியை லேசா தேச்சு விடுங்க. ஆக்ஸ்ஃபோர்ட்னா கயிறு கட்டுற பகுதி மூடுன மாதிரி இருக்கும், டெர்பின்னா ரெண்டு இறக்கை மாதிரி தொறந்து இருக்கும். ஆக்ஸ்ஃபோர்ட் தான் ஃபார்மல்ல மேல, ஆனா அகலமான பாதம்னா டெர்பியே போடுங்க, நல்லா பாலீஷ் போட்டிருந்தா யாரும் குறை சொல்ல மாட்டாங்க. சாக்ஸ் முழங்காலுக்கு கீழ வரைக்கும் வர்ற நீள சாக்ஸா இருக்கணும், பேண்ட் கலர்லயே எடுத்துடுங்க. உக்காந்தா பேண்ட் மேல ஏறும், கால் மேல கால் போட்டா இன்னும் ஏறும், அப்போ கெண்டைக்கால் முடியோட தெரிஞ்சா மேல எவ்வளவு அழகா போட்டிருந்தும் எடுபடாது. பெல்ட் ஷூ கலர்ல இருந்தா போதும்.

மத்ததை சுருக்கமா சொல்லிடுறேன். முடி வெட்டுறத அன்னைக்கே பண்ணாதீங்க, நாலஞ்சு நாள் முன்னாடி வெட்டுனா முகத்தோட ஒட்டிடும். நகத்தை வெட்டி சுத்தம் பண்ணுங்க, மூணு மணி நேரமும் எதிர்ல இருக்குறவங்க பாத்துக்கிட்டே இருக்கப்போறது உங்க கைய தான். சென்ட் கெளம்புறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி கழுத்துல, நெஞ்சுல ஒண்ணு ரெண்டு தடவ, அதுக்கு மேல வேணாம், சாப்பாட்டு வாசனையை அமுக்குற அளவுக்கு இருந்தா எதிர்ல இருக்குறவங்களுக்கு சாப்பிடவே புடிக்காது. பர்ஸை பின் பாக்கெட்ல வச்சுட்டு உக்காந்தா ஒரு பக்கமா சாஞ்சு தான் உக்காருவீங்க, கார்டும் கொஞ்சம் பணமும் மட்டும் எடுத்து கோட் உள் பாக்கெட்ல வைங்க. சாவிக்கொத்தை பேண்ட் பாக்கெட்ல வைக்காதீங்க.

அன்னைக்கு சாயங்காலம் நான் பயந்த அளவுக்கு எதுவும் நடக்கல. சேர்ல உக்காந்ததும் பட்டனை கழட்டுனேன், கோட் ரெண்டு பக்கமும் அழகா விழுந்துச்சு, கைய நீட்டுனா மணிக்கட்டு தெரியல, காலர் கழுத்தோட இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல நான் கோட் போட்டிருக்கேங்குறதே மறந்துட்டேன், அவங்க பேசுறத மட்டும் கேட்டுக்கிட்டு இருந்தேன், அந்த வாரத்துலயே நான் நிம்மதியா இருந்தது அப்போ தான். நடுவுல சூப் ஒரு சொட்டு கஃப்ல விழுந்துடுச்சு. அப்படி விழுந்தா தேய்க்காதீங்க, தேச்சா கறை நூலுக்குள்ள இறங்கி பரவிடும், காஞ்ச நாப்கின்ல ஒத்தி எடுத்துட்டு அப்புறம் குளிர்ந்த தண்ணி தொட்டு ஒத்துங்க, சுடுதண்ணி மட்டும் வேணாம். கோட்டை கழட்டணும்னு தோணுனா அவங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு கழட்டுங்க, கழட்டுற எண்ணம் இருந்தா அதுக்கேத்த மாதிரி முதுகு பக்கமும் சேத்து முழு சட்டையையும் அயர்ன் பண்ணியிருக்கணும். கெளம்புறப்போ அவங்க ஒரு விஷயம் சொன்னாங்க, அவங்களும் ஷூ கடிச்சு டேபிளுக்கு அடியில கழட்டி வச்சுட்டு தான் முக்கால்வாசி நேரம் உக்காந்திருந்தாங்களாம். நானும் பேண்டேஜ் கதையை சொன்னேன். எங்களுக்குள்ள இருந்த மிச்ச கூச்சமும் அதுல போயிடுச்சு.

செலவு கணக்கை வெளிப்படையா சொல்லிடுறேன். சூட், கெட்டுப்போன ஆல்டரேஷன், வாடகை கடையில புடிச்ச பணம், ஷூ, சட்டை, அங்க இங்க ஓடுன போக்குவரத்து எல்லாம் சேத்தா என் ஒரு மாச சம்பளத்துல பெரும் பங்கு. இதுல வாடகையும் முதல் ஆல்டரேஷனும் சுத்தமா வீணா போனது. கம்மி பணம் தான் இருக்குன்னா சூட்டே வாங்காதீங்க, நேவியில ஒரு பிளேஸர், கரும்சாம்பல் பேண்ட், வெள்ளை சட்டை, ஒரு டை, இது ஃபார்மல்னு போட்ட பெரும்பாலான ரெஸ்டாரண்டுக்கு போதும், ஃபோன் பண்ணி மட்டும் உறுதி பண்ணிக்கோங்க. மிச்ச பணத்தை நல்ல டெய்லருக்கும் ஷூவுக்கும் போடுங்க. விலை அதிகமான சூட் பொருந்தாம இருக்குறத விட சாதாரண சூட் பொருந்தி இருக்குறது நூறு மடங்கு மேல், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. நாள் இருக்குன்னா மூணு வாரம் முன்னாடி கோட் வாங்குங்க, ரெண்டு வாரம் முன்னாடி ஆல்டரேஷன் முடிஞ்சு கையில இருக்கணும், ஒரு வாரம் முன்னாடி மொத்தத்தையும் போட்டுக்கிட்டு வீட்ல ஒரு வேளை சாப்பாடு சாப்பிட்டு பாருங்க, அப்போ எது இழுக்குது, எது கடிக்குது, எல்லாம் தெரிஞ்சிடும், திருத்தவும் நேரம் இருக்கும்.

நாளைக்கே டேட்னு இருக்குறவங்க புது கோட் வாங்க ஓடாதீங்க. வீட்ல இருக்குற டார்க் பேண்ட், டார்க் பிளேஸர் எதுவா இருந்தாலும் எடுத்துக்கிட்டு, காலைல முதல் ஆளா ஒரு டெய்லர் கடைக்கு போங்க, பட்டனை தள்ளி வைக்குறது, பேண்ட் நீளத்தை மடிக்கிறது ரெண்டும் அங்கயே நின்னு வாங்கிட்டு வர்ற வேலை தான். பிளேஸரே இல்லைனா நண்பர் கிட்ட கேளுங்க, தோள் அளவு ஒத்து வர்ற நண்பரா பாத்து கேளுங்க, உயரம் முன்ன பின்ன இருந்தா பரவால்ல. உல்லன் துணிய அயர்ன் பண்றப்போ மேல ஒரு ஈர பருத்தித் துணியை போட்டுட்டு தேயுங்க, நேரா இஸ்திரி பெட்டியை வச்சா துணி பளபளன்னு ஆயிடும், அது போகாது. ரெண்டு பேண்டேஜ் எடுத்து கோட் உள் பாக்கெட்ல வச்சுக்கோங்க.